ஸ்ட்ராங்காக ஒரு மக் டீ: கேட்டவையும் சொன்னவையும்

வட இங்கிலாந்தில் ஒரு சின்ன காலை உணவுக் கடையில் பதினெட்டு வருடமாக டீ போடுகிறேன். பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். அம்மா கொழுந்து பறித்தவர். இங்கிலாந்துக்காரர்கள் அன்றாடம் குடிக்கும் கடுஞ்சாய டீயைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். நிறையவே கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

மதுரையிலிருந்து: அக்கா, இங்கிலீஷ் டீ என்றாலே பூப்போட்ட பீங்கான் கோப்பையில் லேசாக இருப்பதுதானே? ஸ்ட்ராங் என்கிறீர்களே?

அந்தக் கோப்பை விருந்தாளி வரும் நாளுக்கு, தம்பி. அன்றாட டீக்கு இங்கே 'பில்டர்ஸ் டீ' என்று பெயர். கட்டட வேலை செய்பவர்கள் குடிக்கும் டீ என்று அர்த்தம். பெரிய மக், அதில் ஒரு டீ பேக், நன்றாக இறங்கிய சாயம், கொஞ்சம் பால், பலருக்குச் சர்க்கரையும் உண்டு. எங்கள் கடைக்குக் காலை ஆறரைக்கு வரும் ஒரு கொத்தனார், கையுறையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு முதலில் மக்கைக் குனிந்து பார்ப்பார். செங்கல் நிறம் இருந்தால்தான் கை வைப்பார். வெளுத்திருந்தால் ஒன்றும் சொல்லாமல் என் பக்கம் நகர்த்திவிடுவார்.

நம் ஊர் டீயில் தூள் பாலோடு சேர்ந்து கொதிக்கிறது. இதில் இலை வெந்நீரில் மட்டும் ஊறுகிறது, பால் கடைசியில் வருகிறது. மற்ற வித்தியாசங்கள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருபவைதான்.

கோவை, திருச்சி, டொராண்டோ என்று பலர்: படிப்படியாகச் சொல்லுங்கள். நான் போட்டால் ஒன்று தண்ணியாக இருக்கிறது, இல்லையென்றால் கசக்கிறது.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குழாயிலிருந்து புதிதாகத் தண்ணீர் பிடியுங்கள். கெட்டிலில் நேற்று மிஞ்சியதையே சூடாக்க வேண்டாம். தளதளவென்று கொதிக்கும்போதே மக்கில் இருக்கும் டீ பேக்கின் மேல் ஊற்றுங்கள். கொதித்து அடங்கி ஐந்து நிமிடம் ஆன தண்ணீரில் கறுப்புத் தேயிலை சரியாக இறங்காது. பச்சைத் தேயிலைக்குத்தான் ஆறிய வெந்நீர்.

அப்புறம் நான்கு நிமிடம் தொடாதீர்கள். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். ஊற்றிய அரை நிமிடத்திலேயே தண்ணீர் சிவந்துவிடும், டீ தயார் என்று நினைத்துப் பையை எடுத்துவிடுவார்கள். நிறம் முதலில் வந்துவிடும், வாய் நிறையத் தெரியும் கனம் பின்னால்தான் வரும். மக்கை ஒரு சிறு தட்டால் மூடி வைத்தால் சூடு இறங்காது. நேரம் ஆனதும் கரண்டியால் பையை மக்கின் சுவரோடு ஒரு தடவை லேசாக அழுத்தி எடுத்துவிடுங்கள். அவசரத்தில் ஒரு நிமிடத்திலேயே எடுத்துப் பிழிபிழியென்று பிழிந்தால் துவர்ப்பு ஏறும், மணம் வராது. உங்கள் 'கசப்பு' பெரும்பாலும் அப்படி வந்ததுதான்.

பால் இரண்டு மேசைக்கரண்டி போதும். பாலில் உள்ள கேசின் என்ற புரதம் தேயிலையின் துவர்ப்புப் பொருளைப் பிடித்துக்கொள்வதால் நாக்கில் இழுப்பு குறைகிறது. அதனால்தான் சாயம் முதலிலேயே கனமாக இருக்க வேண்டும் என்கிறேன். மெல்லிய சாயத்தில் பால் விட்டால் பாலின் ருசிதான் மிஞ்சும். இன்னும் ஸ்ட்ராங்காக வேண்டுமா? நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள், இன்னொரு டீ பேக் போடுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து: பால் முதலிலா, கடைசியிலா?

டீ பேக்கை மக்கிலேயே போடுவதென்றால் கடைசியில்தான், சந்தேகமே வேண்டாம். குளிர்ந்த பாலில் கிடக்கும் இலை எப்படி இறங்கும்? தனியாகக் கூஜாவில் சாயம் இறக்கி ஊற்றுபவர்கள் எப்படி வேண்டுமானாலும் செய்யலாம். டீயைச் சுவைத்து ஒப்பிடுவதற்கென்றே 1980இல் வந்த, சர்வதேசத் தர அமைப்பின் ஐ.எஸ்.ஓ. 3103 என்ற தரமுறை இருக்கிறது. 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம் என்கிறது. அது சோதனைக்கான அளவு, வீட்டுக்கு நான்கு நிமிடமே போதும்.

லண்டன் ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒரு மாணவி: டீயின் மேல் எண்ணெய் மாதிரி ஆடை மிதக்கிறது. பால் கெட்டுவிட்டதா அக்கா?

பால் நன்றாகத்தான் இருக்கிறது, தங்கச்சி. தண்ணீர்தான் காரணம். லண்டன் தண்ணீர் கடினத் தண்ணீர், சுண்ணாம்பு அதிகம். அந்தக் கால்சியம் தேயிலைச் சத்தோடு மேற்பரப்பில் சேர்ந்து படலமாகிறது. குடித்தால் ஒன்றும் ஆகாது, ஆனால் ருசி மங்கிவிடும். வடிகட்டும் ஜக் ஒன்று வாங்கி அந்தத் தண்ணீரைக் கெட்டிலில் ஊற்றிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். யார்க்‌ஷயர் டீயில் கடினத் தண்ணீருக்கென்றே தனிப் பெட்டியும் விற்கிறார்கள்.

சென்னையிலிருந்து: எந்த பிராண்ட்? உள்ளே என்ன தூள் இருக்கிறது?

யார்க்‌ஷயர் டீ, பி.ஜி. டிப்ஸ், டெட்லி, டைஃபூ எல்லாம் அன்றாட வகைதான். எனக்குப் பிடித்தது யார்க்‌ஷயர், கனமாக இறங்கும். எல்லாமே கலவை. கனத்துக்கு அசாம், பளிச்சென்ற நிறத்துக்குக் கென்யா என்று பொதுவாகச் சொல்லலாம். இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. முறை 1930களில் அசாமில் வந்தது. சின்னச் சின்ன உருண்டையாக வருவதால் வெந்நீர் சீக்கிரம் உள்ளே போகும், சாயம் சீக்கிரம் இறங்கும். இங்கத்திய டீ பேக்குக்கும் உங்கள் தெருமுனைக் கடை டீக்கும் அந்த உருண்டைதான் பொதுவான உறவுக்காரர். டீ பேக் கிடைக்கவில்லை என்றால் நல்ல அசாம் சி.டி.சி. தூள் ஒரு தேக்கரண்டி எடுத்து இதே மாதிரி ஊறவைத்து வடிகட்டுங்கள்.

சேலத்திலிருந்து: நம் ஊர்ப் பாலில் அந்த ருசி வருமா?

கிட்டத்தட்ட வரும். இங்கே காய்ச்சாத குளிர்ந்த பாக்கெட் பாலை அப்படியே விடுகிறார்கள். நீங்கள் காய்ச்சி, ஆறவைத்து, ஆடையை எடுத்துவிட்டு விடுங்கள். எருமைப் பால் வேண்டாம், டீயை அமுக்கிவிடும்.

பெயர் வேண்டாம் என்று ஒரு சகோதரி: நான்கு மாதக் கர்ப்பம். ரத்தம் வேறு குறைவு. டீயை விடவே முடியவில்லை.

முழுதாக விட வேண்டியதில்லை, ஆனால் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இங்கத்திய அரசு மருத்துவச் சேவை கர்ப்பிணிகளுக்குச் சொல்லும் உச்ச அளவு ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் கஃபீன். ஒரு மக் டீயில் சுமார் 75. ஆக, நாளுக்கு இரண்டு மக்கோடு நிறுத்துங்கள். காபி, கோலா குடித்தால் அதையும் இதில் சேர்க்க வேண்டும். அதைவிட முக்கியம், சாப்பாட்டோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் டீ குடிக்காதீர்கள். கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்வதைத் தேயிலை குறைக்கும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ரத்தம் குறைவு என்பதால் உங்கள் மருத்துவரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.

லீட்ஸுக்குப் புதிதாக வந்தவர்: சாயங்காலம் 'டீ'க்குக் கூப்பிட்டார்கள். போனால் உருளைக்கிழங்கு, இறைச்சி என்று முழுச் சாப்பாடு!

வடக்கில் இரவுச் சாப்பாட்டையே 'டீ' என்பார்கள். அடுத்த முறை வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு போங்கள்.

நுவரெலியாவிலிருந்து: வெள்ளைக்காரர்கள் இன்னும் நம் தேயிலையைத்தான் குடிக்கிறார்களா?

இந்தக் கேள்விக்குத்தான் எழுத உட்கார்ந்ததும் கை நின்றது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கண்டிப் பக்கம் லூல்கந்துராத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். அதுவரை மலையில் இருந்த காபிச் செடிகளை நோய் அழித்தபின் மலை முழுக்கத் தேயிலையானது. 1890இல் லிப்டன் வந்து தோட்டங்களை வாங்கினார். அந்தச் செடிகளின் நடுவே நின்றவர்கள் தமிழ்நாட்டிலிருந்து போன நம் ஆட்கள்தான். இன்றைக்கு இங்கே வரும் தேயிலையில் கென்யாதான் முன்னால் நிற்கிறது. லண்டன் தேயிலை ஏலமும் 1998இல் நின்றுபோயிற்று. உங்கள் நுவரெலியாத் தேயிலை மணத்துக்குப் பேர் போனது, மெல்லிய சாயம். பால் ஊற்றும் மக்குக்கு அதைப் போடுவது எனக்கு மனம் வராத காரியம். பால் விடாமல் பிளேன்டீயாகவே குடியுங்கள்.

அம்மா முதுகில் கூடையோடு நாள் முழுக்க எடை சேர்ப்பார். வீட்டில் எங்களுக்கு வந்ததோ தூசித் தூள்தான். சீனி கட்டுப்படியாகாது, ஒரு கடி கருப்பட்டி, ஒரு மடக்கு சாயம். இரண்டாம் உலகப் போரின்போது, 1940 ஜூலை முதல் இங்கேயும் டீக்கு ரேஷன். ஆளுக்கு வாரத்துக்கு 2 அவுன்ஸ், கிட்டத்தட்ட 57 கிராம். இன்றைய டீ பேக் அளவில் நாளுக்கு மூன்று மக் கூட வராது. 1952 அக்டோபர் வரை அது நீடித்தது. கடைக்கு வரும் வயதானவர்கள் ஒரு தடவை போட்ட இலையிலேயே மறுபடியும் டீ போட்ட தங்கள் வீட்டுக் கதைகளைச் சொல்லும்போது எனக்கு எங்கள் லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு, அடுப்படிதான் கண்ணில் வரும்.

பெங்களூரிலிருந்து: ஃபிளாஸ்கில் கொண்டுபோகலாமா?

தாராளமாக. சாயத்தை மட்டும் ஊற்றுங்கள், பையை உள்ளே போட்டு விடாதீர்கள். பாலைத் தனியாக ஒரு சின்னப் பாட்டிலில் எடுத்துப் போங்கள்.

தூத்துக்குடியிலிருந்து: போட்ட டீ பேக்கை ரோஜாச் செடிக்குப் போடலாமா?

பையைக் கிழித்து, இலையை மட்டும் மண்ணில் கலந்துவிடுங்கள், அக்கா. சில பைகளில் ஓரம் ஒட்டுவதற்குப் பிளாஸ்டிக் சேர்த்திருப்பார்கள், அது மக்காது. சர்க்கரை, பால் பட்ட இலையாக இருந்தால் முதலில் அலசிவிடுங்கள், இல்லையென்றால் எறும்பு மொய்க்கும்.