தாராளமாகக் காட்டுங்கள், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்

கேள்வி: டிஸ்னியின் 'பாம்பி 2' நேராக டிவிடியில் விட்ட படமாமே? குழந்தைக்குக் காட்டலாமா, இல்லை பழைய 'பாம்பி' மட்டும் போதுமா?

காட்டுங்கள். உங்கள் வீட்டிலும் நாலைந்து வயதுப் பிள்ளை இருக்க வேண்டும். பழைய படத்தைப் போட்டுவிட்டு, பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் இங்கே வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு நடந்தது அதுதான்.

என் மனைவி 2009-ல் இறந்தபோது மகனுக்கு ஐந்து வயது. அவள் எப்போதோ வாங்கி வைத்திருந்த 1942-ம் வருஷத்து 'பாம்பி' வீட்டில் கிடந்தது. மான்குட்டி, முயல்குட்டி வருகிற படம் என்பதற்கு மேல் யோசிக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டுவிட்டேன். பனிக்காலம். குட்டியும் தாயும் புல் மேய்கின்றன. ஒரு துப்பாக்கிச் சத்தம். குட்டி அம்மாவைத் தேடி அலைகிறது. தகப்பன் மான் வந்து, இனி உன் அம்மா உன்னோடு இருக்க முடியாது என்கிறது. அவ்வளவுதான், உடனே வசந்தம் வந்துவிடுகிறது. பறவைகள் பாடுகின்றன, குட்டி வளர்ந்து கொம்போடு நிற்கிறது. என் மகன் என் பக்கம் திரும்பி, "அப்பா, நடுவுல அது எங்க தூங்குச்சு? யாரு சாப்பாடு குடுத்தா?" என்றான்.

பழைய படத்தில் அதற்குப் பதில் கிடையாது. 64 வருஷம் கழித்து 2006-ல் வந்த 'பாம்பி 2' முழுக்க அந்தப் பதில்தான். தாய் செத்த அந்தப் பனிக்காலத்திலேயே கதை தொடங்குகிறது. தகப்பன் மான் காட்டுக்கே பெரியவர், ஆனால் குட்டி வளர்த்துப் பழக்கமில்லை. ஒரு பெண்மானைப் பார்த்து ஒப்படைத்துவிடு என்று ஆந்தையிடம் சொல்கிறார். பனியில் எல்லோருக்குமே தீனிக்குப் பஞ்சம், வசந்தம் வரை நீங்களே வைத்திருங்கள் என்கிறது ஆந்தை. இதே பேச்சு எங்கள் வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடியும் முன்பே நடந்தது. "ஆம்பள ஒத்தையில எப்படிப்பா வளப்ப, கொண்டுபோய் அத்தை வீட்ல விட்ரு" என்றார்கள். நான் விடவில்லை.

ஓர் இடம் மட்டும் சொல்கிறேன். வேட்டைக்காரன் மானைப் போலக் குரல் எழுப்பி இழுக்கிறான். மான்குட்டி பாம்பிக்கு அது அம்மா தன்னைக் கூப்பிடுவது போலவே கேட்கிறது. குரல் வந்த திசையில் நடக்கிறது. ஆங்கிலப் படம் என்பதால் நான் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அந்த இடத்தில் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அம்மா பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவனுக்கே புரிந்தது. பாலில் நனைத்த பிஸ்கட் கரைந்து டம்ளருக்குள் விழுந்தது, விரல்களை அப்படியே பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். நாய்கள் பாய்ந்து வருகின்றன, குட்டி உறைந்து நிற்கிறது, தகப்பன் வந்து காப்பாற்றுகிறார். என் மகன் அன்றைக்குத்தான் அம்மாவுக்காகச் சத்தம் போட்டு அழுதான். அதுவரை அழவே இல்லை.

வியாபாரத்துக்காக எடுத்ததுதானே என்று சண்டைக்கு வருவார்கள், தெரியும். 1994-ல் அலாவுதீன் கதையின் இரண்டாம் பாகத்தில் ஆரம்பித்து டிஸ்னி இப்படி வரிசையாக வீடியோவில் இறக்கியது, அதில் பல படங்கள் எனக்கும் பிடிக்காது. 2007-ல் அவர்களே அந்தப் பழக்கத்தை நிறுத்த முடிவெடுத்தார்கள். பழைய 'பாம்பி'யில் ஓவியர் டைரஸ் வோங் கண்ட அந்தப் பனிமூட்டக் காட்டுக்கு எதுவும் ஈடாகாது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'பாம்பி 2' அமெரிக்காவில்தான் நேராக டிவிடிக்குப் போனது, சில நாடுகளில் தியேட்டரிலும் ஓடியது. தகப்பன் மானுக்குக் குரல் கொடுத்தவர் பாட்ரிக் ஸ்டூவர்ட். அந்தக் கனத்த குரல் கொஞ்சம் கொஞ்சமாக இளகுவதைக் கேட்டுவிட்டு அப்புறம் குப்பை என்று சொல்லுங்கள். வசந்தத்தில் மேனா என்ற பெண்மான் வந்து நிற்கும்போது என்ன ஆகிறது என்பதை நான் சொல்லமாட்டேன்.

இதோடு சேராத ஒன்று, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மகன் படித்த பள்ளியில் வருஷா வருஷம் டைரியின் முதல் பக்கத்தில் 'தாயார் கையெழுத்து' என்று ஒரு கட்டம் இருக்கும். நான் அதில் கோடு போட்டு அனுப்புவேன். டைரி திரும்பி வரும், "கட்டம் காலியாக உள்ளது" என்று சிவப்பு மையில் எழுதியிருக்கும். ஏழு வருஷம். ஒருமுறைகூட யாரும் கூப்பிட்டு ஏன் என்று கேட்கவில்லை. மூன்றாம் வகுப்பில் அவனே அந்தக் கட்டத்துக்குள் அம்மா பெயரை எழுதிக் கொண்டுபோனான்.

சரி, படத்துக்கு வருகிறேன். அடுத்த வாரமே மறுபடியும் போடச் சொன்னான். அந்தக் குரல் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் என் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "இது நெஜ அம்மா இல்லப்பா, நீ பயப்படாத" என்றான்.