மைக்ரோவேவில் தீப்பொறி

கேள்வி: மீன் குழம்பைக் கண்ணாடிப் பாத்திரத்தில்தான் சூடாக்குகிறேன். ஆனாலும் மைக்ரோவேவ் அவனுக்குள் வலப்பக்கச் சுவரில் படபடவென்று தீப்பொறி பறக்கிறதே?
– வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: உடனே நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். அந்தச் சுவரில் பழுப்பு நிற அட்டை மாதிரி ஒன்று தெரிகிறதா? அதுதான் மைக்கா தகடு. நுண்ணலை உள்ளே வரும் வாசல் அது. மூடாமல் வைத்த குழம்பின் எண்ணெய் அதில் தெறித்து, கருகிக் கரியாகிவிடும். கரி மின்சாரத்தைக் கடத்தும், பொறி அங்கிருந்துதான். வெறும் பிசுக்கு என்றால், ஆறியபின் ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டாலே போதும். ஓட்டை விழுந்திருந்தால் புதுத் தகடு வாங்கி, பழையதை அளவு வைத்துக் கத்தரித்து மாட்டலாம். தகடில்லாமல் மட்டும் ஓட்டாதீர்கள்.

உப்புக்காற்று ஊரல்லவா, மூலைகளையும் பாருங்கள். பெயின்ட் உரிந்து துரு ஏறிய இடத்திலும் பொறி வரும். துரு அரித்துத் துளையே விழுந்திருந்தால் அந்த அவனுக்கு விடைகொடுங்கள். வெளிக்கூட்டை நீங்களே கழற்ற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் கெபாசிட்டரில் உயிரைக் குடிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

கேள்வி: மைக்ரோவேவில் கப்பில் சுடவைத்த தண்ணீரில் காபித்தூள் போட்டதும் பொங்கிக் கையில் தெறித்தது. ஏன்?
– வாசகர், புதுச்சேரி

பதில்: வழவழப்பான கப்பில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் குமிழ் விடாமல் அசையாது நிற்கும். தூள் விழுந்ததும் மொத்தமாகக் கொதித்தெழும். வைக்கும்போதே மரக்கரண்டி ஒன்றைப் போடுங்கள். முடிந்தபின் அரை நிமிடம் கழித்தே எடுங்கள்.