பைக்கில் ‘1000 வாட்’ ஆம்ப் போட்டால் பேட்டரி தாங்குமா?

கேள்வி: ஓமலூர் பக்கம் இருக்கிறேன். போன வருடம் ஒரு பழைய ஹார்லி ஸ்ட்ரீட் கிளைடு வாங்கினேன். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது பாட்டு நன்றாகக் கேட்கிறது. பெங்களூர் ரோட்டில் ஏறி தொண்ணூறைத் தொட்டால் வெறும் இரைச்சல். சேலத்தில் ஒரு கடையில் ‘1000 வாட் ஆம்ப், நாலு ஸ்பீக்கர், எல்லாம் சேர்த்து 70 ஆயிரம், ஒரே நாளில் முடித்துத் தருகிறோம்’ என்கிறார்கள். பேட்டரி போய்விடும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். ஏற்காட்டுக்கும் அடிக்கடி போவேன். செய்யலாமா?

பதில்: செய்யலாம். ஆனால் அந்த 1000 வாட் என்ற பேச்சை முதலில் விடுங்கள். பெட்டியின் மேல் பெரிதாகப் போட்டிருப்பது, கண்ணிமைக்கும் நேரத்துக்கு மட்டும் வரக்கூடிய ‘பீக்’ கணக்கு. பல பெட்டிகளில் அதுவும் வராது. தொடர்ந்து கொடுக்கும் சக்தியை ஆர்.எம்.எஸ். என்பார்கள். நீங்கள் பார்க்கவேண்டியது அதைத்தான். அமெரிக்காவில் சி.இ.ஏ. 2006 என்று ஒரு அளவு முறை இருக்கிறது, 14.4 வோல்ட், 4 ஓம், ஒரு சதவீதத்துக்கு மேல் சிதைவு கூடாது என்று அளந்து போடுவார்கள். அதுவும் கட்டாயமில்லை, விருப்பப்பட்ட கம்பெனி போட்டுக்கொள்ளலாம். மற்றவர்கள் வாய்க்கு வந்த எண்ணை அச்சடிக்கிறார்கள். கேட்பதற்கு ஆளில்லை.

கடையிலேயே நீங்கள் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஆம்ப்பைத் திருப்பி, அதில் சொருகியிருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். பெரும்பாலும் பக்கவாட்டில் நீலமோ மஞ்சளோ தெரியும், மேலே எண் இருக்கும். 15 என்றால் 15 ஆம்பியர். 14 வோல்ட்டால் பெருக்கினால் 210 வாட் உள்ளே போகிறது. மின்சாரத்தைக் குறைவாக வீணாக்கும் நல்ல ‘கிளாஸ் டி’ ரக ஆம்ப்பே சுமார் 80 சதவீதத்தைத்தான் ஸ்பீக்கருக்குத் தரும். அப்படியானால் 170 வாட்டுக்குள். நாலு ஸ்பீக்கருக்குப் பிரித்தால் தலைக்கு 42. பெட்டியில் 1000 என்று போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது இவ்வளவுதான். ஃபியூஸை மீறி எந்த ஆம்ப்பும் தொடர்ந்து கொடுக்க முடியாது. இந்தக் கணக்கைக் கடைக்காரர் முன்னால் போட்டுக் காட்டுங்கள், விலை தானாக இறங்கும்.

உங்களுக்கு 1000 வாட் தேவையும் இல்லை. வாட்டை இரட்டிப்பாக்கினால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு ‘கொஞ்சம் பரவாயில்லை’ என்று தோன்றும், அவ்வளவுதான். இரண்டு மடங்காகக் கேட்கவேண்டும் என்றால் பத்து மடங்கு வாட் வேண்டும். அதே 3 டெசிபலை, சென்சிடிவிட்டி (அதே வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) கூடுதலான ஸ்பீக்கர் சும்மாவே தந்துவிடும். அதனால் காசை ஸ்பீக்கரில் போடுங்கள். சென்சிடிவிட்டி 90 டெசிபலுக்குக் குறையாமல், நடுவில் அதிரும் கூம்பு (கோன்) பேப்பரில் செய்ததாக இல்லாமல், தண்ணீர் தாங்கும் மரைன் ரகமாக இருக்கட்டும். ஏற்காட்டு மூடுபனியும் மழையும் பேப்பர் கோனை ஒரு சீசனில் ஊறவைத்துவிடும். ஸ்பீக்கருக்கு 50 முதல் 75 வாட் ஆர்.எம்.எஸ். போதும். திறந்தவெளியில் பேஸ் எப்படியும் கரைந்துவிடும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடி ஒலியை ஸ்பீக்கருக்குப் போகாமல் வெட்டிவிடச் சொல்லுங்கள். ஸ்பீக்கரும் பிழைக்கும், பாடுபவர் குரலும் தெளிவாகக் கேட்கும்.

இன்னொன்றைக் கடையில் சொல்லமாட்டார்கள், அதில் அவர்களுக்கு லாபம் இல்லை. தொண்ணூறில் உங்கள் பாட்டை விழுங்குவது ஹெல்மெட்டில் அடிக்கும் காற்று. ஸ்ட்ரீட் கிளைடின் முன்கண்ணாடி குட்டையானது. கொஞ்சம் உயரமான கண்ணாடியும் ஒழுங்கான முழு முக ஹெல்மெட்டும் போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் ஆம்ப் பற்றி யோசியுங்கள்.

பேட்டரி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை. நெடுஞ்சாலையில் எஞ்சின் சுற்றும்போது சார்ஜிங் தாராளமாக இருக்கும். ஏற்காட்டுப் பாதையில் அப்படி இல்லை. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு, ஃபர்ஸ்ட் செகண்ட் கியரில் ஊர்ந்துதான் ஏறவேண்டும், முன்னால் பஸ் போனால் நின்று நின்று. ஹெட்லைட் எப்போதும் எரிகிறது. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது, மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் கொடுப்பது குறைவு, ஆம்ப் கேட்பதோ அதே அளவு. மேட்டூரில் தண்ணீர் இல்லாதபோது வாய்க்காலை அகலமாக வெட்டி என்ன செய்வது? அதனால் வேலை முடிந்ததும் கடை வாசலிலேயே மல்டிமீட்டரை பேட்டரியில் வைக்கச் சொல்லுங்கள். ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓட, பாட்டு நன்றாக ஓடும்போது 13 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் அந்த ஆம்ப் உங்கள் வண்டிக்குப் பெரிது. மலை உச்சியில் செல்ஃப் எடுக்காமல் நிற்பதைவிட வாசலில் தெரிவது நல்லது.

ஒயரிங்தான் மிகப் பெரிய ஏமாற்று வேலை. ‘வயரிங் கிட்’ என்று பளபளவென்று சிவப்பில் தருவது பெரும்பாலும் அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசியது. நுனியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள், வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சுத்தத் தாமிரம் வேண்டும். பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் மெயின் ஃபியூஸ் இருக்கவேண்டும். ஆம்ப்பில் இருக்கும் ஃபியூஸ் நடுவழியில் ஒயர் உரசித் தீப்பிடிப்பதைத் தடுக்காது. வண்டியோடு வந்த ஒயர்க் கட்டை (ஹார்னஸ்) வெட்டி ஒட்டுவேன் என்பவரிடம் சாவியையே தராதீர்கள். உங்கள் மாடலுக்கென்று சொருகும் கனெக்டர் கிடைக்கிறது. ‘ஒரே நாளில்’ என்பவரின் அவசரம் இந்த வெட்டுவதில்தான் இருக்கிறது.

ஸ்பீக்கர் முதலில், ஆம்ப் பிறகு என்று எல்லோருக்கும் சொல்வேன். உங்கள் வண்டிக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு, கவனமாகக் கேளுங்கள். 2014-க்குப் பின் வந்த மாடல் என்றால், அதன் ரேடியோவுக்குள் கம்பெனி ஸ்பீக்கருக்கென்றே ஒரு ஒலி அமைப்பு பதிந்திருக்கும். அந்தச் சின்ன ஸ்பீக்கரின் குறையை மறைக்க சில ஒலிகளைத் தூக்கியும், வால்யூம் ஏறினால் பேஸை இறக்கியும் விளையாடும். நல்ல ஸ்பீக்கரை மாட்டினாலும் அந்தத் திருத்தம் போகாது. ‘காசு கொட்டினேன், காது குத்துகிறது’ என்பவர்களில் பலருக்குப் பிரச்சினை இதுதான். டீலர் பட்டறையில் சாஃப்ட்வேர் மாற்றி அதைச் சமன்செய்யலாம். அதற்காகத் தூரம் போகவேண்டியிருந்தாலும் போங்கள். இல்லையென்றால் ஒலியைத் திருத்தும் டி.எஸ்.பி. உள்ள ஆம்ப் வாங்குங்கள். கடையில் ‘அதெல்லாம் தேவையில்லை சார்’ என்றால் அவருக்கு இந்த விஷயமே தெரியாது என்று அர்த்தம். உங்கள் வண்டி அதற்கு முந்தைய மாடல் என்றால் இந்தத் தலைவலி இல்லை.

சட்டம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது, 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஸ்பீக்கர் அதில் அடங்குமா என்று தெளிவாகச் சொல்லிவைக்க யாருக்கும் மனமில்லை. ரோட்டில் நிறுத்துபவர் மனநிலைதான் சட்டம். ஆஸ்பத்திரி, பள்ளி, கோர்ட்டுக்கு 100 மீட்டருக்குள்ளும், இரவு 10 மணிக்கு மேலும் சத்தத்தைக் குறைத்துவிடுங்கள். கொண்டை ஊசியில் எதிரே வரும் பஸ் ஹார்ன் உங்களுக்குக் கேட்கவேண்டும், அங்கேயும் குறையுங்கள். இன்ஷூரன்ஸில் இந்தச் சாமான்களை எலக்ட்ரிக்கல் அக்சசரி என்று எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள். மதிப்பில் 4 சதவீதம் பிரீமியம் கூடும். ஏஜென்ட் ‘எதுக்கு சார்’ என்பார். தீப்பிடித்த பிறகு அவர் போனை எடுக்கமாட்டார்.

பில்லில் ஆம்ப், ஸ்பீக்கர் இரண்டின் மாடல் எண்ணையும் எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய ஸ்பீக்கரையும் கேட்டு வாங்கிவிடுங்கள். ‘குப்பை சார், நான் போட்டுடறேன்’ என்பார்கள். நாளைக்கு நீங்கள் வண்டியை விற்கும்போது, வாங்குபவர் முதலில் கேட்பது அந்தக் குப்பையைத்தான்.