நள்ளிரவில் அழைக்க ஆறு பேர்

வாசகர் கேள்வி: ஈரோட்டில் 180 படுக்கைகள் கொண்ட ஒரு தனியார் மருத்துவமனையில் நான்கு ஆண்டுகளாகத் தகவல் தொழில்நுட்பப் பிரிவின் பொறுப்பாளராக இருக்கிறேன். சர்வர், பில்லிங், லேப் இணைப்பு, காப்பீட்டு டெஸ்க் என எதற்கும் என்னைத்தான் கேட்கிறார்கள். நான் கேட்பதற்கு ஒருவரும் இல்லை. மென்பொருள் விற்ற நிறுவனம் சொல்வதை நம்புவதைத் தவிர வழி தெரியவில்லை. மருத்துவத்துறையின் டிஜிட்டல் தலைவர்களுக்கான பன்னாட்டு அமைப்பு ஒன்றில் சேர நிர்வாகத்திடம் அனுமதி கேட்டேன். "வெளியில் பேசினால் நம் விஷயம் பக்கத்து மருத்துவமனைக்குப் போய்விடும்" என்றார்கள். நான் மருத்துவம் படித்தவளும் அல்ல. சொந்தப் பணத்தில் சேரலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

சேரலாம், ஆனால் அதை இரண்டாவது வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். ஈரோட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத் தொலைவுக்குள், உங்களைப் போன்ற பொறுப்பில் இருக்கும் ஆறு பேரைத் தேடிக் கண்டுபிடிப்பதே முதல் வேலை. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய மருத்துவமனையில், ஒரு சனிக்கிழமை இரவு மென்பொருளைப் புதுப்பித்தார்கள். திங்கட்கிழமை காலை ஓ.பி. கூட்டத்தின் நடுவே, லேப் கருவி பார்கோடைப் படிக்கும்போது நோயாளி எண்ணின் கடைசி இலக்கத்தை விட்டுவிடுகிறது என்பதை ஒரு லேப் டெக்னீஷியன்தான் கண்டுபிடித்தார். ஒருவருடைய ரத்தப் பரிசோதனை முடிவு இன்னொருவர் பெயரில் போய் உட்காரும் அபாயம் அது. விற்ற நிறுவனத்தை அழைத்தபோது, "உங்களிடம் மட்டும்தான் இப்படி வந்திருக்கிறது" என்றார்கள். அன்று முழுவதும் முடிவுகளைக் கையால் எழுதி, ஒவ்வொன்றையும் இரண்டு பேர் சரிபார்த்து அனுப்பினோம். சில மாதங்கள் கழித்து ஒரு திருமண வீட்டில், பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் இருந்த இன்னொரு மருத்துவமனையின் பொறுப்பாளரைச் சந்தித்தேன். அதே மென்பொருள், அதே புதுப்பிப்பு, அதே பிழை. எங்களுக்கு மூன்று வாரம் முன்பே அவர்களுக்கு வந்திருக்கிறது. "ஏனுங்க, ஒரு போன் பண்ணியிருந்தா சொல்லியிருப்பனுங்களே" என்றார் அவர். அவருடைய எண் என்னிடம் இல்லை. என்னுடைய எண் அவரிடம் இல்லை. அந்த வருத்தம் இன்னும் எனக்குத் தீரவில்லை.

உங்கள் நிர்வாகத்தின் அச்சத்தை அலட்சியப்படுத்த வேண்டாம். அதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் போட்டியாளர்கள் கூடிப் பேசுவது நம் கொங்குப் பகுதிக்குப் புதிதல்ல என்பதை அவர்களுக்கு நினைவூட்டுங்கள். கோவையில் 1956ஆம் ஆண்டு பஞ்சாலைகள் சேர்ந்து உருவாக்கிய சிட்ரா எனப்படும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், ஒரே சந்தையில் மோதிக்கொள்ளும் ஆலைகளிடமிருந்தே உற்பத்தித்திறன், செலவு விவரங்களைப் பெற்று, ஒப்பிட்டு, ஓர் ஆலை எங்கே பின்தங்கியிருக்கிறது என்பதை எடுத்துக் காட்டி வருகிறது. கோவைச் சிறுதொழில் முனைவோர் 1969இல் கொடிசியா சங்கத்தைத் தொடங்கியதும், பின்னலாடை ஏற்றுமதியாளர்கள் 1990இல் திருப்பூரில் சங்கம் கண்டதும் ஒருவருக்கொருவர் போட்டி இல்லாததால் அல்ல. நூலுக்கும் பம்புக்கும் பனியனுக்கும் முடிந்தது நோயாளியின் பாதுகாப்புக்கு முடியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது என்பதை ஒரு பக்கத்தில் எழுதி நிர்வாகத்தின் ஒப்புதலைப் பெற்றுவிடுங்கள். நோயாளியின் விவரம் எந்த வடிவிலும் வெளியே போகக் கூடாது. இதை நான் சற்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: திரையில் ஒரு பிழை வந்தால் அதை அப்படியே படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறோம், அந்தப் படத்தின் மூலையில் நோயாளியின் பெயரும் கைப்பேசி எண்ணும் இருப்பதைக் கவனிப்பதில்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமல் தரவு கசிய விட்டால் ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. அபராதத்தை விடுங்கள், அந்த நோயாளி நம்மை நம்பி வந்தவர். அதேபோல, படுக்கைக் கட்டணம், சிகிச்சைக் கட்டணம் பற்றிய பேச்சே அங்கு எழக் கூடாது. மருத்துவமனைகள் கூடி விலை நிர்ணயிப்பது 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்துக்கு விரோதமானது. மென்பொருள் பராமரிப்பு ஒப்பந்தத் தொகையைச் சொல்வதற்கு முன் ஒப்பந்தத்தில் ரகசியக் காப்புப் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். இவற்றைக் கழித்தபின் மிஞ்சுவதே ஏராளம்: எந்தப் புதுப்பிப்பு எதைக் கெடுத்தது, எந்த நிறுவனம் இரவில் போனை எடுக்கிறது, செவிலியர்கள் எந்தத் திரையை வெறுக்கிறார்கள், ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் ஆபா எனப்படும் 14 இலக்கச் சுகாதார அடையாள எண் உருவாக்குவதைத் தாண்டி நோயாளியின் பதிவுகளை அதனுடன் இணைக்கும் கட்டத்தில் எங்கே சிக்கிக்கொள்கிறோம் என்பவை எல்லாம் பேச்சுக்கு உரியவை.

குழுவை ஈரோடு, பெருந்துறை, கோபி, திருப்பூர் என்று பரவலாக அமையுங்கள். ஒரே தெருவில் இருப்பவர்கள் மட்டும் கூடினால் நிர்வாகங்களுக்குச் சந்தேகம் வரும். முறை வைத்து ஒவ்வொரு மருத்துவமனையிலும் சந்தியுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம்; இங்கே முகூர்த்தம் எப்போதும் குறுக்கிடும். மென்பொருள் விற்பவர்களை உறுப்பினராகச் சேர்க்காதீர்கள், அவர்கள் செலவில் விருந்தும் வேண்டாம். அவர்கள் கெட்டவர்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. அவர்கள் முன்னால் அவர்களுடைய குறையை யாரும் வாய்திறந்து பேச மாட்டார்கள்.

இனி, பெரிய அமைப்புகளைப் பற்றி. அமெரிக்காவில் 1961இல் தொடங்கிய, மருத்துவத் தகவல் தொழில்நுட்பத்துக்கான அமைப்பான ஹிம்ஸ், மருத்துவமனையின் மின்னணுப் பதிவு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்பதை 0 முதல் 7 வரையிலான நிலைகளில் அளக்கும் எம்ராம் முறைக்குப் பெயர் பெற்றது. உறுப்பினராகாமலேயே அந்த நிலைகளை வாசித்து, உங்கள் மருத்துவமனை எங்கே நிற்கிறது என்று நீங்களே மதிப்பிடலாம். 1992இல் தோன்றிய சைம், மருத்துவமனைகளின் தலைமைத் தகவல் அதிகாரிகளுக்கென்றே அமைந்தது. சான்றிதழ்த் தேர்வும் நடத்துகிறது. பெரிய குழும மருத்துவமனையில் அந்தப் பதவியை நோக்கிப் போகிறவர்களுக்கு அது பொருந்தும். உங்கள் இன்றைய தேவைக்கு நான் முதலில் காட்டுவது இந்திய அமைப்புகளையே. இந்திய மருத்துவத் தகவலியல் சங்கமும் இந்திய டெலிமெடிசின் சங்கமும் மருத்துவர்களும் பொறியாளர்களும் சேர்ந்து அமரும் இடங்கள். மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான புனே சி-டாக்கில் இயங்கும் மின்னணு நலப்பதிவுத் தரங்களுக்கான தேசிய வள மையத்தைப் பலர் அறியாமலே இருக்கிறார்கள். நோய்களுக்கும் சிகிச்சைகளுக்கும் உலகப் பொதுக் குறியீடு தரும் ஸ்னோமெட் சி.டி.யை இந்திய மருத்துவமனைகள் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்பதுகூட நம் பகுதியில் பரவலாகத் தெரியவில்லை. எனவே உங்கள் சொந்தப் பணத்தை இந்த ஆண்டு வெளிநாட்டுச் சந்தாவுக்குக் கொடுக்க வேண்டாம். ஆறு பேரும் ஓராண்டு தொடர்ந்து சந்தித்தால், ஒருவர் ஓர் அமைப்பில் சேர்ந்து கற்றதை மற்றவர்களுக்குச் சொல்லலாம். அப்போது நிர்வாகமே கட்டணம் கட்ட முன்வரக்கூடும்.

மருத்துவம் படிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது குறை அன்று. ஆனால் தனியாக ஈடுசெய்யக் கூடியதும் அன்று. பிரிட்டனில் 2016ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் ராபர்ட் வாக்டர் தலைமையிலான குழு, மருத்துவமனைகளைக் கணினிமயமாக்குவது வெறும் தொழில்நுட்ப மாற்றம் அல்ல என்றும், தகவல் தொழில்நுட்பம் அறிந்த மருத்துவர்களும் செவிலியர்களும் போதிய அளவில் தேவை என்றும் பரிந்துரைத்தது. அதைத் தொடர்ந்து 2018இல் அங்கே டிஜிட்டல் தலைவர்களுக்கான பயிற்சிக் கழகமே தொடங்கப்பட்டது. நம் அளவுக்கு இதன் பொருள் எளியது. உங்கள் ஆறு பேரில் ஒருவர் மருத்துவராகவும் ஒருவர் செவிலியர் கண்காணிப்பாளராகவும் இருக்கட்டும். டிஸ்சார்ஜ் சம்மரி ஏன் மாலை வரை தாமதமாகிறது என்பதை சர்வர் பதிவுகள் உங்களுக்குச் சொல்லா. வார்டு சிஸ்டர் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

முதல் சந்திப்புக்கு ஒரே ஒரு பொருளை வைத்துக்கொள்ளுங்கள். 2022 நவம்பர் 23ஆம் தேதி டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் இணையத் தாக்குதலால் முடங்கி, ஏறக்குறைய இரண்டு வாரம் ஓ.பி., லேப், பில்லிங் எல்லாம் கையெழுத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அத்தகைய தாக்குதலைக் கண்டறிந்த 6 மணி நேரத்துக்குள், இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் பிறப்பிக்கப்பட்ட விதி. ஆறு பேரும் வரும்போது ஒரு கேள்விக்கு விடை கொண்டுவரச் சொல்லுங்கள்: பேக்கப் எடுத்ததாகச் சொல்லும் தரவை, வேறொரு சர்வரில் உண்மையிலேயே மீட்டுப் பார்த்தது கடைசியாக எந்தத் தேதியில், அதற்கு எத்தனை மணி நேரம் ஆனது? சிலர் விடையில்லாமல் வருவார்கள். நீங்களும் அப்படி வர நேர்ந்தால், அதை முதலில் நீங்களே சொல்லித் தொடங்குங்கள், மற்றவர்கள் பேசுவார்கள்.