பி.எம்.பி முடித்தால் சம்பளம் ஏறுமா?

வாசகர் ஒருவருக்கு ஐடியில் ஏழு வருட அனுபவம், அதில் கடைசி மூன்று வருடம் டீம் லீட். கூட வேலை பார்த்தவர் பி.எம்.பி (பிராஜெக்ட் மேனேஜர்களுக்கான சான்றிதழ் தேர்வு) முடித்த கையோடு நல்ல சம்பளத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாராம். "என் மேனேஜரிடம் கேட்டால் 'பண்ணுங்க, நல்லதுதான்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். சொந்தக் காசைப் போட்டுப் படிக்கலாமா, படித்தால் சம்பளம் ஏறுமா?" என்று கேட்கிறார்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். இப்போது இருக்கும் அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சான்றிதழை ஹெச்.ஆருக்கு மெயிலில் அனுப்பினால் பெரும்பாலும் ஒரு 'வாழ்த்துகள்' திரும்பி வரும், அவ்வளவுதான். நாற்காலி மாறும்போதுதான் சம்பளம் ஏறும். உங்கள் நண்பரையே எடுத்துக்கொள்ளுங்கள், அவருக்குச் சம்பளம் கூடியது தேர்வில் பாஸான அன்றைக்கா, புது கம்பெனி ஆஃபர் லெட்டர் கொடுத்த அன்றைக்கா?

'பி.எம்.பி வைத்திருப்பவர்கள் இத்தனை சதவீதம் அதிகம் வாங்குகிறார்கள்' என்று ஒரு சர்வே எல்லா கோச்சிங் விளம்பரத்திலும் வரும். சர்வே பொய்யில்லை. ஆனால் அதை எடுப்பது இந்தத் தேர்வை நடத்தும் பி.எம்.ஐ அமைப்பேதான் என்பது ஒன்று. இன்னொன்று, இதுதான் முக்கியம்: பட்டதாரியாக இருந்தால் குறைந்தது 36 மாதம் பிராஜெக்ட்டை முன்னின்று நடத்திய அனுபவம் இருந்தால்தான் தேர்வு எழுதவே விடுவார்கள், பட்டம் இல்லையென்றால் 60 மாதம். அதாவது சான்றிதழ் வாங்கிய கூட்டத்தில் ஒருவர்கூடப் புதுசு இல்லை. வாங்காத கூட்டத்தில் எல்லாரும் கலந்திருப்பார்கள். இரண்டு சராசரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வரும் வித்தியாசத்தில் அனுபவத்தின் பங்கு எவ்வளவு, சான்றிதழின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கவே முடியாது.

அப்போ பிரயோஜனமே இல்லையா? இருக்கிறது, இடம் பார்த்து. ஒரு வேலைக்கு நூற்றுக்கணக்கில் ரெஸ்யூமே வந்து விழும்போது முதலில் சலித்தெடுப்பது பிராஜெக்ட் தெரிந்த ஆள் இல்லை, குறிப்பிட்ட சில சொற்களைத் தேடுகிற ரெக்ரூட்டரோ மென்பொருளோதான். அந்தச் சல்லடையில் நிற்க பி.எம்.பி உதவும். அதைவிடப் பலமான காரணம் டெண்டர். சில ஒப்பந்தங்களில் 'பிராஜெக்ட் மேனேஜர் சான்றிதழ் பெற்றவராக இருக்க வேண்டும்' என்று க்ளையன்ட்டே எழுதிவிடுவார். கன்சல்டிங், கட்டுமானம், பெரிய ஐடி சர்வீஸ் கம்பெனிகளில் இதைப் பார்க்கலாம். அங்கே உங்கள் சான்றிதழ் கம்பெனிக்கே வேலை பிடித்துத் தருகிற காகிதம், சம்பளம் பேசும்போது கை ஓங்கும். சொந்தமாக புராடக்ட் செய்யும் சின்ன கம்பெனிகளிலோ நீங்கள் என்ன முடித்துக் கொடுத்தீர்கள் என்றுதான் கேட்பார்கள்.

இன்டர்வியூ எடுக்கும் பக்கம் உட்கார்ந்த அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். நான் எப்போதும் கேட்கும் கேள்வி, 'டெட்லைன் தவறிய ஒரு பிராஜெக்ட்டைப் பற்றிச் சொல்லுங்கள்.' ஒருவர், பி.எம்.பி முடித்தவர், ரிஸ்க் ரெஜிஸ்டர் (என்னென்ன தவறிப்போகலாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் பட்டியல்) என்றால் என்ன, அதில் என்னென்ன கட்டங்கள் இருக்கும் என்று அழகாக வகுப்பெடுத்தார். சரி, உங்கள் பிராஜெக்ட்டில் அந்த ரெஜிஸ்டரில் முதல் வரி என்ன என்றேன். பேச்சு நின்றுவிட்டது. அடுத்து வந்தவரிடம் சான்றிதழ் இல்லை. டெஸ்டிங் சர்வர் ஆறு வாரம் தாமதமாக வந்ததையும், இரண்டாவது வாரமே க்ளையன்ட்டிடம் போய் 'தேதி தள்ளும், இல்லையென்றால் இந்த இரண்டு வசதிகளை அடுத்த ரிலீஸுக்கு விடுவோம்' என்று பேசி முடித்ததையும் சொன்னார். அவரைத்தான் எடுத்தோம். ஆனால் அந்த முதல் ஆள் என் எதிரில் வந்து உட்கார்ந்ததற்கு அவர் சான்றிதழும் ஒரு காரணம், அதையும் மறைக்கக் கூடாது.

செலவுக் கணக்கைத் தேர்வுக் கட்டணத்தோடு முடித்துவிடாதீர்கள். 35 மணி நேரப் பயிற்சி கட்டாயம், 180 கேள்விகளுக்குக் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் உட்கார வேண்டும், அதற்கு இரண்டு மூன்று மாத மாலைப்பொழுதுகள் போகும். 2021இல் தேர்வை மாற்றியபோதே பாதிக்குப் பாதி அஜைல் (வேலையைச் சின்னச் சின்னச் சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும் முறை), ஹைபிரிட் (அதையும் பழைய முறையையும் கலந்தது) கேள்விகள் வந்துவிட்டன, ஆகவே பழைய நோட்ஸை யாராவது சும்மா கொடுத்தாலும் வேண்டாம். வாங்கிய பிறகும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை 60 பி.டி.யு (தொடர்ந்து படித்ததற்கும் பங்களித்ததற்கும் தரும் புள்ளி) காட்டிப் புதுப்பிக்க வேண்டும், அதற்கும் கட்டணம் உண்டு. கம்பெனி பணம் திருப்பித் தருமா என்று கேளுங்கள். தருவதாக இருந்தால் 'முடித்தபின் இத்தனை மாதம் இங்கேயே இருக்க வேண்டும்' என்று பாண்ட் உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். நாற்காலி மாறினால்தான் லாபம் என்கிற விஷயத்தில் இந்த ஒரு வரி மொத்தக் கணக்கையும் கவிழ்த்துவிடும்.

காசு கட்டும் முன் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து, நீங்கள் உண்மையிலேயே விண்ணப்பிக்க நினைக்கும் முப்பது வேலை விளம்பரங்களைத் திறந்து பாருங்கள். பி.எம்.பி கட்டாயம், இருந்தால் நல்லது, பேச்சே இல்லை என்று மூன்று கோடு போட்டு எண்ணுங்கள். முதல் இரண்டும் சேர்ந்து பாதியைத் தாண்டினால் தைரியமாக இறங்கலாம். எல்லாம் ஸ்க்ரம் மாஸ்டர் (அஜைல் முறையில் டீமுக்கு வழிகாட்டுபவர்) என்று வந்தால் அதற்கான சான்றிதழே போதும், செலவும் குறைவு.

உங்கள் விஷயத்தில் மூன்று வருட டீம் லீட் அனுபவம் தகுதிக்குப் போதுமா என்றால், பதவிப் பெயரை அவர்கள் பார்ப்பதில்லை, திட்டமிட்டு ஆட்களை நடத்தி முடித்தீர்களா என்பதைத்தான் பார்ப்பார்கள். ஒரே சமயத்தில் இரண்டு பிராஜெக்ட் ஓட்டியிருந்தாலும் அந்த மாதத்தை ஒருமுறைதான் எண்ண வேண்டும், அதனால் கணக்கு 36ஐத் தொடுகிறதா என்று சரிபாருங்கள். அனுபவத்தைக் கூட்டி எழுதித் தருகிறோம் என்கிற ஏஜென்ட் பக்கம் போகவே வேண்டாம், விண்ணப்பங்களில் சிலவற்றை எடுத்து ஆடிட் செய்வார்கள், அப்போது பழைய மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டிவரும். ஆகவே இன்றைக்கே ஒவ்வொரு பிராஜெக்ட்டும் தொடங்கிய தேதி, முடிந்த தேதி, எத்தனை பேர், என்ன முடித்துக் கொடுத்தீர்கள், யார் சாட்சி என்று எழுதி வையுங்கள். தேர்வு எழுதாமலே விட்டாலும் அடுத்த இன்டர்வியூவுக்கு அந்தத் தாள் ஆகும்.