தும்மலப்பள்ளி யுரேனியச் சுரங்கம்: ஒப்பந்த ஆளுக்கு பேட்ஜ் உண்டா?

ஆந்திராவிலுள்ள இந்தச் சுரங்கத்துக்கு எண்ணூரிலிருந்து ஒப்பந்த வேலைக்குப் போகும் உங்கள் தம்பியிடம், ‘நிரந்தர ஊழியருக்குத்தான் டிஎல்டி பேட்ஜ்’ என்று மேஸ்திரி சொன்னது தவறு. ஒருவர் உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜ் அது. 2004ஆம் ஆண்டு அணுசக்தி கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளில் தற்காலிக ஆளும் தொழிலாளிதான். நிரந்தர ஊழியருக்கு உள்ள அதே கதிர்வீச்சு வரம்புதான் தம்பிக்கும்: 5 ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சின் அலகு), எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது.

மேஸ்திரி ஒன்றை இன்னொன்றோடு குழப்பியிருக்கலாம். கதிர்வீச்சு குறைந்த வெளிவேலை என்றால் ஆளுக்கொரு பேட்ஜ் தராமல் இடத்தை மட்டும் அளப்பதுண்டு. அதனால் முதலில் கேளுங்கள்: வேலை சுரங்கத்துக்குள்ளா, ஆலையிலா, வெளியிலா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி யார், சேரும் முன் மருத்துவப் பரிசோதனை எங்கே என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

மணலியில் வெல்டிங் மூட்டுகளைக் காமா கதிரில் படம் எடுக்கும் வேலையில் நானும் இதே பேட்ஜ் போட்டிருக்கிறேன். நெஞ்சில் மாட்ட வேண்டும். கழற்றிய சட்டையோடு ஷெட்டில் தொங்கினால் அது ஷெட்டின் அளவைத்தான் காட்டும், தம்பியின் அளவை அல்ல. இதை அவரிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

அப்புறம், சுரங்கத்துக்குள் மூச்சோடு போகும் ரேடான் என்ற கதிரியக்க வாயு இந்த பேட்ஜில் தெரியாது. அதைத் தனியாக அளக்க வேண்டும். காற்றோட்ட விசிறி நின்றால் உடனே வெளியே வந்துவிடச் சொல்லுங்கள்.