துருவக் கரடியும் பெருமாள் ஏரிப் பக்கத்துப் பிள்ளைகளும்

அன்புள்ள ஐயா,

குறிஞ்சிப்பாடி பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை நான். பருவநிலை மாற்றம் என்றால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் துருவக் கரடி, உருகும் பனி என்று ஒப்பிக்கிறார்கள். “நாம என்ன மிஸ் செய்ய முடியும்?” என்று ஒரு மாணவி கேட்டாள். மரம் நடலாம் என்றேன். அந்தப் பதில் அவளுக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை. பல பிள்ளைகளின் வீட்டில் யாராவது நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை செய்கிறார்கள். நிலக்கரியைப் பற்றிப் பேசவே தயக்கமாக இருக்கிறது. எப்படி நடத்துவது?

— ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

துருவக் கரடியை விட்டுவிடுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததைச் சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கிறது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அங்கே ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. சாத்தனூர் அணை திறந்து, தென்பெண்ணை பெருகி, கடலூரில் தண்ணீர் புகுந்தது. இதெல்லாம் பிள்ளைகளே அறிந்தது.

ஆனால் எல்லாப் பழியையும் பருவநிலையின் தலையில் கட்டிவிடாதீர்கள். பாடத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். 2004 சுனாமிக்குக் காரணம் கடலடி நிலநடுக்கம். அதற்கும் வெப்பமயமாதலுக்கும் தொடர்பில்லை. புதுச்சேரி கடற்கரையில் மணல் காணாமல் போனதற்கு முதல் காரணம், 1980களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைதடுப்புச் சுவர்கள். தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை அவை மறித்துக்கொண்டன, வடக்கே கரை அரிபட்டது. கடல் மட்டம் உயர்வது இனி அந்த அரிப்பைக் கூட்டும்.

சரி, ஃபெஞ்சல்? வங்கக் கடலில் புயல் எப்போதும் வந்ததுதான். காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால் கொட்டும்போது அதிகமாகக் கொட்டுகிறது. கொட்டிய நீர் எந்தத் தெருவில் நிற்கும் என்பதை அணை திறக்கும் நேரமும் அடைபட்ட வாய்க்காலும் தீர்மானிக்கின்றன. இப்படிக் காரணங்களைப் பிரித்துப் பார்க்கப் பழகிய பிள்ளையை, “எல்லாம் இயற்கை, நம்ம கையில் ஒன்றுமில்லை” என்று சொல்லி யாரும் ஏமாற்ற முடியாது.

கரும்பலகையில் இரண்டு எண்கள் போதும். ஹவாய்த் தீவின் மௌனா லோவாவில் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது, பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு சுமார் 315 பங்கு. 2024-இல் 420-ஐத் தாண்டிவிட்டது. எத்தனை சதவீதம் கூடியிருக்கிறது என்று அவர்களே கணக்குப் போடட்டும்.

நெய்வேலியைப் பற்றித் தயங்காமல் பேசுங்கள். அங்கே எடுப்பது பழுப்பு நிலக்கரி. ஈரம் அதிகம், வெப்பத்திறன் குறைவு. அதனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மற்ற நிலக்கரியைவிடக் கூடுதலாகக் கரியமில வாயுவை விடுகிறது. இதைச் சொல்லும் அதே மூச்சில், அந்த மின்சாரத்தில்தான் நம் வீடுகளில் விளக்கு எரிந்தது, உங்கள் அப்பா செய்தது குற்றமில்லை என்றும் சொல்லிவிடுங்கள். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பத்துப் பிள்ளையும் அதே பெஞ்சில் இருக்கலாம். சுரங்கம் ஒருநாள் மூடப்பட்டால் இந்த ஊருக்கு என்ன வேலை என்ற கேள்வி அந்த இருவருக்கும் சொந்தம். அதை மற்றவர்கள் வந்து பேசுவதற்கு முன்பு அவர்கள் பேசட்டும்.

அப்புறம், அந்த மாணவியின் கேள்வி. மரம் நடுவது நல்லதுதான், ஆனால் நட்டுப் படம் எடுத்ததோடு பல பள்ளிகளில் முடிந்துவிடுகிறது. நான் கேட்பது வேறு. பக்கம் நேராக உள்ள ஒரு பாட்டிலின் தலையை வெட்டிக் கவிழ்த்து, ஸ்கேல் ஒட்டினால் மழைமானி. வானிலைத் துறை கணக்கெடுக்கும் அதே காலை 8.30-க்குத் தினமும் குறிக்கட்டும். 2015-லும் 2024-லும் தண்ணீர் எதுவரை ஏறியது என்று பெரியவர்களிடம் கேட்டுச் சுவரில் கோடு போடட்டும். பெருமாள் ஏரிக்குப் போகும் வாய்க்கால்களில் எது தூர்ந்திருக்கிறது, எங்கே மதகு உடைந்திருக்கிறது என்று ஊர் வரைபடத்தில் குறிக்கட்டும்.

அந்த வரைபடத்தை அக்டோபர் 2 கிராம சபையில் வையுங்கள். பிள்ளைகளுக்கு வாக்கு இல்லை, பெற்றோருக்கு உண்டு. தூர்வாரத் தீர்மானம் போடச் சொல்லி அவர்கள் கேட்கலாம். தீர்மானம் நிறைவேறி வேலை நடக்கவில்லை என்றால், நவம்பர் 1 கிராம சபையில் ஏன் என்று திரும்பவும் கேட்கலாம். இரண்டுக்கும் நடுவில் பருவமழை தொடங்கியிருக்கும், கையில் மழையளவுக் குறிப்பும் இருக்கும்.

அன்புடன்.